இறங்கிய பங்கை இன்னும் வாங்கலாமா?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சின்னக்கானலில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மூணாற்றில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். பூர்வீகம் போடிநாயக்கனூர். பாட்டனார் காலத்திலேயே மலையேறி வந்த குடும்பம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. குடையை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவர், காப்பி வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, அந்த டீக்கம்பெனி ஷேர் எரநூறு வாங்கினேன்ல, எரநூத்தி நாப்பது ரூபாய்க்கு? இப்ப நூத்தம்பதுக்கு வந்து கெடக்கு. இன்னொரு எரநூறு வாங்கிப் போட்டா சராசரி எறங்கிரும்ல?"

வாங்குவதற்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டேன். முப்பதாயிரம் இருக்கிறதாம். முதல் சுற்றுப் பறிப்புக்கான கூலிக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்த பணம் அது. "காயை வித்தா வந்துரும்ணே, அதுக்குள்ள ஷேரு ஏறிரும்" என்றார்.

இதே கேள்வியை நம் சங்க உறுப்பினர்கள் சிலரும் வெவ்வேறு சமயங்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதற்கு மேல் எனக்கு இதில் தனித் தகுதி எதுவும் கிடையாது. எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லப் போவதும் இல்லை. வாங்கிய பங்கின் விலை மாறியபின் மேலும் வாங்குவதா வேண்டாமா என்பதை எப்படி யோசிப்பது என்பது மட்டுமே இந்தப் பாடம்.

முதலில் அவருடைய சராசரிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 240 ரூபாய் வீதம் 200 பங்குகள் என்றால் 48,000 ரூபாய். இப்போது 150 ரூபாய் வீதம் இன்னும் 200 வாங்கினால் 30,000. ஆக 400 பங்குகளுக்கு 78,000. சராசரி 195 ரூபாய். முன்பு விலை 240க்கு ஏறினால்தான் முதல் தேறும். இனி 195க்கு வந்தாலே போதும். கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. நண்பரும் இதுவரை மட்டுமே கணக்குப் போட்டிருந்தார்.

மறுபாதியை நான் போட்டுக் காட்டினேன். விலை மேலும் இறங்கி 100க்கு வந்தால்? பழைய 200 பங்குகள் மட்டும் இருந்தால் நட்டம் 28,000. புதிதாக வாங்கிய 200ம் சேர்ந்திருந்தால் நட்டம் 38,000. சராசரி இறங்கியதால் நட்டம் குறையவில்லை. பந்தயத்தில் வைத்த பணம்தான் கூடியது. முதலில் வாங்கிய 200 பங்குகளின் நட்டம் நோட்டில் எப்படி எழுதினாலும் அப்படியே இருக்கிறது. புதிய 30,000 ரூபாய் என்பது புதிய முதலீடு. அதைப் புதிய முதலீடாகவே எடை போட வேண்டும். நாம் எந்த விலைக்கு வாங்கினோம் என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது.

நண்பர் விவரம் தெரியாதவர் அல்லர். எட்டு எம்.எம். காயைக் கையில் அள்ளிப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர். இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், அவருடைய ஏலக்காயிலிருந்துதான். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் மலையில் இருக்கும் நம்மில் பலர் பங்குச் சந்தையையும் ஏலக்காய்க் கணக்கிலேயே பார்க்கிறோம்.

ஏலம் ஏலத்துக்குப் போகும் ஊர் நம்முடையது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் புற்றடியிலும் போடியிலும் மின்னணு முறையில் ஏலம் நடக்கிறது. அன்றன்றைய விலை அன்று மாலைக்குள் சின்னக்கானல், சூரியநெல்லி, சாந்தன்பாறை டீக்கடைகள் வரை வந்துவிடும். 2018 ஆகஸ்ட் பெருமழையில் செடிகள் அழுகின. அடுத்த கோடையும் கடுமையாக இருந்தது. வரத்துக் குறைந்து, 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதைப் பார்த்துப் புதிதாகச் செடி வைத்தவர்கள் எத்தனை பேர், கூடுதல் பாட்டத்துக்கு நிலம் எடுத்தவர்கள் எத்தனை பேர்! காய் பெருகியது. 2022ஆம் ஆண்டில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. உரம் போடக் கட்டுப்படியாகாமல் பலர் தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டார்கள். பிறகு 2024 கோடை வறட்சியில் செடிகள் கருகின. விலை மறுபடி ஏறியது.

இதிலிருந்து நண்பர் கற்றுக்கொண்டது, "இறங்கினது ஏறும்" என்பது. ஏலக்காயைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. விலை விழுந்தால் விளைவிப்பவர் கைவிடுகிறார், வரத்துக் குறைகிறது, பாயசத்துக்கும் பிரியாணிக்கும் அரபு நாட்டுக் காப்பிக்கும் ஏலக்காய் வேண்டியிருப்பதால் விலை திரும்புகிறது. விலையை மேலே இழுக்கும் கயிறு அந்த வீழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. அப்படியும் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. குவாத்தமாலாவில் நல்ல விளைச்சல் என்றால் நம் கணக்குத் தப்பிவிடும். 7,000 ரூபாய் 3,500க்கு வந்தபோது "பாதி விலை" என்று வாங்கி மூட்டை கட்டியவர்களை எனக்குத் தெரியும். காயின் பச்சை வெளுத்தது. விலை அதற்குப் பிறகும் பாதியாகி, மறுபடியும் பாதியானது. பாதி விலையாகிவிட்டது என்பதால் மறுபடி பாதியாகாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கம்பெனிப் பங்குக்கு அந்தக் கயிறும் கிடையாது. ஒரு கம்பெனியின் பங்கு விலை விழுந்தால், விலை விழுந்தது என்ற காரணத்துக்காகவே அந்தக் கம்பெனியின் சம்பாத்தியம் கூடிவிடாது. திரும்பி ஏற வேண்டுமானால் கம்பெனி சம்பாதிக்க வேண்டும், அல்லது சம்பாதிக்கும் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும். எனவே முதல் கேள்வி "எவ்வளவு இறங்கியிருக்கிறது?" என்பதல்ல, "எதனால் இறங்கியது?" என்பதே.

2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், கொரோனா அச்சத்தில் மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்து 26,000க்குக் கீழே போனது. நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி எல்லாம் ஒன்றாக விழுந்தன. அந்த ஆண்டு முடியும்போது சென்செக்ஸ் 47,000க்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் கையில் உபரிப் பணம் இருந்து, திடமான கம்பெனிகளில் சிறிது சிறிதாகப் போட்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள். வேலை போய், சம்பளம் நின்று, அதே மார்ச்சில் இருந்ததை விற்க வேண்டி வந்தவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இடையே அறிவில் பெரிய வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கையிருப்பில்தான் வித்தியாசம்.

இன்னொரு வகை வீழ்ச்சி, ஒரு கம்பெனிக்கு மட்டும் வரும் சங்கடம். 2015 ஜூன் மாதம் மேகி நூடுல்ஸில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. நெஸ்லே இந்தியா பங்கு கடுமையாகச் சரிந்தது. அந்தக் காலாண்டில் கம்பெனி நட்டமே காட்டியது. ஆகஸ்ட்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பி வந்தது. அன்று அந்தப் பங்கை வைத்திருந்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. மேகி ஓராண்டு விற்காவிட்டால் கம்பெனி தாங்குமா? பால் பொடியும் காப்பித் தூளும் சாக்லேட்டும் தொடர்ந்து விற்கின்றனவா? கழுத்தை நெரிக்கும் கடன் இருக்கிறதா? இவற்றுக்கு விடை தேட முடியும். விடை கிடைத்தபின் வாங்கியவர் யோசித்து வாங்கியவர். "எட்டணாவுக்குக் கிடைக்கிறதே" என்று வாங்கியவருக்கும் அதே லாபம் கிடைத்திருக்கலாம். ஆனால் அவர் அடுத்த தடவையும் அப்படியே வாங்குவார்.

அடுத்த தடவை என்பது பலருக்கு எஸ் பாங்க்காக வந்தது. 2018 ஆகஸ்ட்டில் அந்த வங்கியின் பங்கு ஏறக்குறைய 400 ரூபாய். செப்டம்பரில், அதன் தலைமை நிர்வாகியின் பதவிக் காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியது. திரும்பாத கடன்களின் உண்மை அளவு என்ன என்ற சந்தேகம் வலுத்தது. விலை 200 ஆயிற்று, 100 ஆயிற்று, 50 ஆயிற்று. இறங்க இறங்கச் சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இந்த நான்கு விலைகளிலும் நூறு நூறு பங்குகளாக வாங்கிய ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். போட்ட பணம் 75,000, பங்குகள் 400, சராசரி 187 ரூபாய் 50 காசு. 400லிருந்து 187க்குச் சராசரியை இறக்கிவிட்டார், கெட்டிக்காரர்தான். 2020 மார்ச் 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் நடவடிக்கைகளுக்குத் தடை போட்டது. கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரு மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அதே மாதம் வந்த மீட்புத் திட்டத்தில், நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தோரின் பங்குகளில் முக்கால் பகுதியை மூன்றாண்டுகளுக்கு விற்க முடியாதபடி பூட்டினார்கள். ஜூலையில் அந்த வங்கியே புதிய பங்குகளை 12 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையில் நம் கெட்டிக்காரரின் 400 பங்குகளுக்கு மதிப்பு 4,800 ரூபாய்.

ஒவ்வொரு படியிலும் அவருக்குத் தெரிந்தது பழைய 400 ரூபாய் மட்டுமே. அரிக்கொம்பன் யானையை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டு போகும் வரை, அரிசி கிடைத்த ரேஷன் கடையையே அது திரும்பத் திரும்ப வந்து உடைத்தது. முன்பு விலை இருந்த இடத்தையே மோப்பம் பிடித்துத் திரும்பும் நாம் அந்த யானையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கேதான் நண்பரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். "இந்த ஷேர் உன்னிடம் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள். இன்றைக்கு முப்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு புதிதாக வருகிறாய். ஊரில் இருக்கும் எல்லா ஷேரையும் விட்டுவிட்டு, 150 ரூபாய்க்கு இதைத்தான் வாங்குவாயா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்க மாட்டேன்ணே. ஆனா, நமக்குத் தெரிஞ்ச தொழிலாச்சே. கொழுந்து எப்படி வருதுன்னு தெனம் கண்ணால பாக்கறேனே" என்றார்.

தெரிந்த தொழில் என்பது பெரிய வார்த்தை. நம் மலையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலை விலை விழத் தொடங்கி, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீர்மேடு பகுதியில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. அன்று மூணாற்றுக் கொழுந்தைக் கண்ணால் பார்த்து டாடா டீ பங்கை எடை போட்டவருக்கு, தேறாத கம்பெனி என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெட்லியை 27 கோடி பவுனுக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. செடி வளர்ப்பதை விட்டு, பாக்கெட்டில் பெயர் போட்டு விற்கும் வியாபாரத்துக்கு அது நகர்ந்துகொண்டிருந்தது. 2005இல் மூணாற்றுத் தோட்டங்களையும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்கென்று சிறுபான்மைப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. 2010இல் டாடா குளோபல் பெவரேஜஸ், 2020இல் டாடா கன்ஸ்யூமர் என்று பெயரும் மாறியது. பங்கு விலை பல மடங்கு ஏறியது. நம் வாசலில் இருந்த செடி அதைச் சொல்லவே இல்லை.

நம் பக்கத்தில் பன்னியாறு, சூரியநெல்லித் தோட்டங்களை வைத்திருக்கும் ஹாரிசன்ஸ் மலையாளமும் அப்படித்தான். சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. சின்னக்கானல் ரோட்டில் போகும்போது அதன் தேயிலை கண்ணுக்குத் தெரியும். அதே கம்பெனியின் ரப்பர் தெரியாது, நில உரிமை குறித்து மாநில அரசுடன் ஆண்டுக்கணக்காக நடந்த வழக்குகள் தெரியாது, கடன் தெரியாது. இவை எல்லாம் ஆண்டறிக்கையில் இருப்பவை. நண்பர் தன் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்த்ததே இல்லை. தபாலில் வந்த காலத்தில் அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டோம். இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைத்தும் திறப்பதில்லை.

ஒரு பேச்சுக்கு, அறிக்கையைப் படித்து எல்லாம் திருப்தி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நண்பர் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. காரணம் கம்பெனியில் இல்லை, அவருடைய வீட்டில் இருக்கிறது.

கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். 2005இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள், அதன் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்கு அவர்களிடம். தொழிலாளியே முதலாளி என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். அதில் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2015இல் லாபம் குறைந்துவிட்டது என்று போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளை ஒருமை என்று பெயர் பெற்ற போராட்டம் அது. சாலையில் உட்கார்ந்தவர்களில் பங்குதாரர்களும் இருந்தார்கள். தேயிலை விலை விழுந்தால் அவர்களுக்குப் போனஸ் குறைகிறது. கையில் இருக்கும் பங்கின் பலமும் குறைகிறது. வேலை போனால் லயத்து வீடும் போகும். பங்கோ சந்தையில் பட்டியலிடப்படாதது, அவசரத்துக்கு விற்றுக் காசாக்க முடியாது. கூலி, வீடு, சேமிப்பு மூன்றும் ஒரே செடியில் தொங்கும் நிலை. அந்தப் பெண்களுக்கு அன்று வேறு வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. நம் நண்பருக்கு இருக்கிறது.

அவருடைய ஏலத்தோட்டமும் அந்தத் தேயிலைக் கம்பெனியும் ஒரே மழையை நம்பியிருக்கின்றன. வறட்சி வந்தால் ஏலச்சரமும் காயும், கொழுந்தும் குறையும். கூலி உயர்ந்தால் இரண்டுக்கும் செலவு கூடும். தோட்டத்தில் நட்டம் வரும் ஆண்டில்தான் பங்கிலும் நட்டம் வரும். அந்த ஆண்டில்தான் மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டியும் வரும். இருப்பதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவருடைய சொத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே இந்த மலையில்தான் இருக்கிறது. அதே மலையில் இன்னும் 30,000 எதற்கு?

அதிலும் அது பறிப்புக் கூலி. போடி மெட்டு வழியாக ஜீப்பில் வரும் பெண்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் ஒரு சுற்று தள்ளிப்போனால் காய் பழுத்து வெடித்துவிடும். பங்கு காத்திருக்கலாம், பழுத்த காய் காத்திராது. குறிப்பிட்ட தேதியில் தேவைப்படும் பணத்தை, தேதி சொல்லாத இடத்தில் போடுவதை வங்கியில் இருந்த நாளிலிருந்து நான் பார்த்து வருகிறேன். பயிர்க்கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கதைகள் இங்கே வேண்டாம்.

விலை ஏறினாலும் இதே கேள்விதான். நண்பரின் மனைவி பெயரில் வேறொரு பங்கு சிறிதளவு இருக்கிறது. வாங்கியதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது. "அது ஏறிப்போச்சு, இனிமே வாங்கவா முடியும்" என்று அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். கம்பெனியின் லாபம் மூன்று மடங்கு ஆகியிருந்தால், இரண்டு மடங்கு விலையில் அது முன்பைவிட மலிவு. லாபம் அப்படியே இருந்தால் விலை அதிகம். சென்னை எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு பங்கு ஒரு லட்சமா என்று வாயைப் பிளந்தோம். பங்கின் விலையை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கம்பெனி எத்தனை பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் வருகிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒரு லட்சம் அதிகமா, 12 ரூபாய் மலிவா என்பது தெரியும். இறங்கியதை மேலும் வாங்கத் துடிக்கும் கையும், ஏறியதைத் தொடப் பயப்படும் கையும் ஒரே ஆளுடையவை. இரண்டுமே பழைய விலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எல்லாம் யோசித்தபின்னும் வாங்கலாம் என்று முடிவானால், அதற்கு என் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு நோட்டில் நாலு வரி எழுதுவேன்: ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்வேன், இந்த ஒரு கம்பெனியில் என் சேமிப்பில் எத்தனை பங்குக்கு மேல் போடமாட்டேன். எழுதிய அன்று வாங்குவதில்லை. அடுத்த காலாண்டுக் கணக்கு வரும்வரை பொறுத்து, அதைப் பார்த்துவிட்டு, போட நினைத்ததில் மூன்றில் ஒரு பகுதி மட்டும் போடுவேன். இதனால் சில நல்ல வாய்ப்புகள் கை நழுவியதுண்டு. நழுவியதை நினைத்து என் மகன் இப்போதும் கேலி செய்வான்.

நண்பர் புறப்படும்போது மழை சற்றுக் குறைந்திருந்தது. முப்பதாயிரத்தைப் பறிப்புக்கே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பழைய 200 பங்குகளை என்ன செய்வது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியையே அதற்கும் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: இன்று கையில் பங்குக்குப் பதில் 30,000 ரூபாய் ரொக்கம் இருந்தால் இதை வாங்குவாயா? வாங்க மாட்டேன் என்றால் ஏன் வைத்திருக்கிறாய்? அவருக்கு இது பிடிக்கவில்லை. "விக்கறதுன்னா நட்டம் உறுதியாயிரும்லண்ணே" என்றார். ஏற்கெனவே உறுதியாகிவிட்டது என்றேன். ஆண்டறிக்கையை இறக்கித் தரும்படி மகளிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தபோது முதல் சுற்றுப் பறிப்பு முடிந்து காய் ஸ்டோரில் உலர்ந்துகொண்டிருந்தது. அறிக்கையில் கடன் பக்கம் வரை படித்தாயிற்றாம். இன்னும் விற்கவில்லை.